என்னோட ரெண்டாம் வார்த்தை

மணிச்சத்தம் கேட்டுதா தம்பி? அது எங்க கோயில் மணிதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில வேதப்புஸ்தகம், ஞாயித்துக்கெழமை காலைல கோயில் மணி அடிக்கையில இந்த ஆளு ஏன் ஊரை விட்டு பஸ் ஏறுதான்னுதானே பாக்கிய? பாருங்க, பாருங்க. எல்லாரும் அப்படித்தான் பாக்காவ. கண்டக்டரு மொதல்ல எல்லாம் கேப்பாரு, இப்பக் கேக்குறதுகூட இல்ல. டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில கொடுத்துட்டுப் போயிருதாரு.

கொஞ்சம் தள்ளி உக்காருதியளா? முட்டி மடங்க மாட்டேங்குது. ஆங், போதும் போதும். நெத்தில திருநீறு இருக்கு, நீங்க எங்க ஆளு இல்ல. அதுவும் நல்லதுக்குத்தான். எங்க ஆளுகிட்ட இதைச் சொன்னா ஒடனே "அண்ணாச்சி, ஜெபம் பண்ணுவோமா"ம்பாவ. எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதா? எனக்கு வேண்டியது நியாயம். நீங்க வெளியாளு. நான் நடந்ததைச் சொல்லுதேன், நீங்க யாரு பக்கம் நியாயம்னு சொல்லுங்க.

எம்பேரு கோயில்பிள்ளை. ஆசீர்விளைல பாத்திரக்கடை கோயில்பிள்ளைன்னா சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கல்யாண வீடு, சாவு வீடு எல்லாத்துக்கும் அண்டா, குண்டா, ஜமுக்காளம் வாடகைக்கு விடுதேன். எங்கம்மைக்கு எனக்கு முன்னால பொறந்தது ஒண்ணும் தங்கல. நான் பொறந்ததும் கோயில்ல கொண்டு கிடத்தி, "ஆண்டவரே, இது உம்ம பிள்ளை"ன்னு சொல்லி இந்தப் பேரை வச்சாவ. அன்னையில இருந்து அந்தக் கோயிலை விட்டு நான் எங்கயும் போனதில்ல. குடிச்சதில்ல. சீட்டு ஆடினதில்ல. அடுத்த வீட்டுப் பொம்பள முகத்த ஏறிட்டுப் பாத்ததில்ல. காய்ச்சல்ல கிடந்தாலும் ஞாயித்துக்கெழமை எழுந்து போயிருவேன். பெருமைக்குச் சொல்லல. விஷயம் விளங்கணும்லா, அதுக்காகச் சொல்லுதேன்.

பெரிய வெள்ளிக்கெழமைன்னா தெரியும்லா? இயேசு சாமியைச் சிலுவைல அறைஞ்ச நாளு. அன்னைக்கு மத்தியானம் பன்னிரண்டுல இருந்து மூணு மணி வரைக்கும் எங்க கோயில்ல ஆராதனை நடக்கும். ஒரு சொட்டுத் தண்ணி பல்லுல படாம வந்து உக்காருவாவ. சிலுவைல தொங்குறப்ப அவரு ஏழு வார்த்தை பேசுனாரு. வார்த்தைன்னா ஒத்தச் சொல்லு இல்ல, ஏழு தடவை வாயைத் தொறந்து பேசுனாருன்னு வச்சுக்கிடுங்க. அந்த ஏழையும் ஏழு பேரு ஆளுக்கு ஒண்ணா எடுத்துப் பிரசங்கம் பண்ணணும். ஐயரு ஒண்ணு எடுத்துக்கிடுவாரு. எங்க பக்கம் பாதிரியாரை ஐயருன்னுதான் சொல்லுவோம், நீங்க வேற ஐயரை நெனச்சுக்கிடாதிய. மிச்சம் ஆறையும் சபைல உள்ளவங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாரு. ஸ்கூல் சாருக்கு ஒண்ணு, பெண்கள் சங்கத்துக்கு ஒண்ணு, வாலிபர் சங்கத்துக்கு ஒண்ணு, இப்படி.

இதுல ரெண்டாம் வார்த்தை என்னோடது. பதினெட்டு வருஷமா என்னோடது. எத்தனை ஐயரு மாறி வந்தாலும் அந்த எடத்துல கோயில்பிள்ளைன்னு எழுதிட்டுத்தான் மத்ததை யோசிப்பாவ.

அது என்ன வார்த்தைன்னு கேக்கியளா? சாமிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கள்ளனைத் தொங்கவிட்டிருந்தாவ. ஒருத்தன், நீ தெய்வம்னா எறங்கி வந்து எங்களையும் எறக்குன்னு ஏசுதான். இன்னொருத்தன் அவனை அதட்டிட்டு, சாமி, உம்ம ராஜ்ஜியம் வாரப்போ என்னை ஒரு தடவை நெனச்சுக்கிடுங்கங்கான். அதுக்கு அவரு, இன்னைக்கே நீ என்கூட பரதீசுல இருப்பேன்னு சொல்லுதாரு. பரதீசுன்னா மோட்சம்னு வச்சுக்கிடுங்களேன். எவ்வளவு பெரிய சங்கதி பாத்தியளா? கழுதப்பய, காலம் பூரா களவாண்டவன். கடைசி மூச்சுல ஒரு வார்த்தை கேட்டான், கிடைச்சிட்டு!

நான் அதை மூணு தலைப்பாப் பிரிப்பேன். கள்ளன் கண்டான், கள்ளன் கேட்டான், கள்ளன் பெற்றான். மொதத் தலைப்புல சும்மா கதை மாதிரிப் போவேன். ரெண்டாவதுல குரலை ஏத்துவேன். மூணாவதுல அப்படியே எறக்கி, பெஞ்சுல இருக்கவன் காதுல ரகசியம் சொல்லுற மாதிரி, "ஏ பாவி, நீயும் கேளு"ம்பேன். கெழவிமாரு முந்தானையை எடுத்துக் கண்ணுல ஒத்துவாவ. கடைசி நேரத்துல வந்தவனுக்கும் காலைல வந்தவனுக்கும் ஒரே இரக்கம்தான்னு நான் அடிச்சுச் சொல்லையில, கோயிலே அசையாது தம்பி.

மத்த வார்த்தையெல்லாம் சும்மான்னு சொல்ல மாட்டேன், வேத வார்த்தை. ஆனா நெலவரம்னு ஒண்ணு இருக்குல்லா? மொத வார்த்தைக்கு பன்னிரண்டு மணிக்கு யாரு வாரா? பாதி பெஞ்சு காலியாக் கிடக்கும். செருப்பைக் கழட்டிக்கிட்டும், பிள்ளையை அதட்டிக்கிட்டும், ஃபேனுக்கு அடியில எடம் தேடிக்கிட்டும் வந்திட்டிருப்பாவ. அஞ்சாவது, தாகமா இருக்குன்னு சாமி சொன்னது. அந்நேரம் கேக்குறவனுக்கே தாகம். ஏழாவதுக்கு எல்லாரு கண்ணும் கடிகாரத்துல இருக்கும், ஆராதனை முடிஞ்சதும் ஊத்துற கஞ்சியும் காணப்பயறுத் தொவையலும்தான் மனசுல ஓடும். ரெண்டாவதுதான் கூட்டம் நெறைஞ்சு, யாரும் அசராம இருக்க நேரம்.

இப்ப லிவிங்ஸ்டன் கதைக்கு வாரேன். அந்தப் பேரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்குது.

எங்க ஊரு அன்னபாக்கியத்தோட மகன். அப்பன் கிடையாது. கரெண்டு வேலை தெரியும், கோயில் மைக் செட்டைப் பாக்கதும் அவன்தான். நல்லாத்தான் இருந்தான், சேர்க்கை சரியில்ல. மொதல்ல கெணத்து மோட்டாரு காணாமப் போச்சு, பொறவு ஒரு வீட்டுல ஆடு. எல்லாருக்கும் சந்தேகம், யாரும் வாயைத் தொறக்கல. ஒரு வருஷம் பெரிய வெள்ளிக்கெழமைக்கு மொத நாளு கோயில் மைக் செட்டையே தூக்கிட்டான். ஆம்ப்ளிஃபயரு, மைக்கு, ஒயரு எல்லாம். மறுநாள் நான் மைக் இல்லாம ரெண்டாம் வார்த்தையைப் பேசினேன் தம்பி. தொண்டை கிழியக் கத்தினேன். கடைசி பெஞ்சுக்கும் கேக்கணும்லா? ஈஸ்டருக்கு எனக்குக் குரலே இல்ல, பாட்டுக்குச் சும்மா வாயை அசைச்சுட்டு நின்னேன். கள்ளனைப் பத்திப் பேச வந்தவன் தொண்டையைக் கள்ளன் கெடுத்தான்னு ஊரே சிரிச்சுது.

பொறவு போலீசு பிடிச்சுது. பாளையங்கோட்டைல ரெண்டு மூணு வருஷம் உள்ள இருந்தான். நாங்க கமிட்டி கூடி சபையை விட்டு நீக்கினோம். நீக்குறதுன்னா கோயிலுக்கு வரலாம், திருவிருந்து, அதான் சாமி நெனப்பா ஐயரு கொடுக்குற அப்பமும் ரசமும், எடுக்கக் கூடாது. செத்தா எங்க கல்லறைத் தோட்டத்துல எடம் கிடையாது. தீர்மானத்தை நான்தான் வாசிச்சேன்.

வெளிய வந்தான். வந்தவன் வேற ஊரு போய்த் தொலைஞ்சிருக்கலாம்லா? நேரா இங்கதான் வாரான். கொஞ்ச வாரம் கோயிலுக்கு வந்து, திருவிருந்துக்கு எழும்பாம பெஞ்சுலயே உக்காந்திருந்தான். புது ஐயரு ஒருத்தரு வந்திருந்தாரு, தனசிங் ஐயரு, சின்ன வயசு. அவருகிட்டப் போயி அழுதிருக்கான். அடுத்த ஞாயித்துக்கெழமை சபைக்கு முன்னால எழுந்து நின்னான். தப்பு பண்ணிட்டேன்னான். அழுதான். முடிஞ்சுது! அன்னைக்கே அவன் கையில அப்பமும் ரசமும் கொடுத்திட்டாரு ஐயரு. எனக்கெல்லாம் அந்தக் காலத்துல திடப்படுத்தல், அதான் திருவிருந்து எடுக்கத் தகுதி, கொடுக்க முன்னால மாசக்கணக்குல பாடம் படிக்க வச்சு, பேராயரு முன்னால நிக்க வச்சு, வேர்த்து விறுவிறுத்துப் பதில் சொல்லி வாங்கினேன் தம்பி. இவன் ரெண்டு நிமிஷம் அழுதான், வாங்கிட்டான்.

சரி, ஆண்டவரு இரக்கமுள்ளவரு, இருந்துட்டுப் போகட்டும்னு நானும் விட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல. ஆனா அதுக்குப் பொறவு ஊரு அவனைத் தாங்குன தாங்கு இருக்கே! கெழவிமாருக்கு வீட்டுல பல்பு எரியலைன்னா லிவிங்ஸ்டன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா லிவிங்ஸ்டன். "அத்தே, சித்தி"ன்னு போயி நிப்பான், அவங்க உருகிருவாவ. கிறிஸ்மஸுக்கு முறுக்கும் அச்சுமுறுக்கும் மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரும் தம்பி, ஐயரு வீட்டுக்கே பொறவுதான். போன கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கு வந்த தட்டுல எல்லாம் ஒடைஞ்ச முறுக்கு. முழுசு எங்க போச்சுன்னு பாத்தா, அன்னபாக்கியம் வீட்டு வாசல்ல குமிஞ்சு கிடக்கு. எங்க வீட்டுக்காரி பியூலாவே ஒரு டப்பா கொடுத்துவிட்டிருக்கா. ஏன்டின்னு கேட்டா, "பாவம், திரும்பி வந்த பிள்ளைல்லா"ங்கா. அப்ப திரும்பாமலேயே இருக்க பிள்ளைக்கு என்ன? ஒடைஞ்ச முறுக்கா?

இந்த வருஷம் லெந்து நாளு வந்துது. நாப்பது நாளு உபவாசக் காலம் அது. ஒரு ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சு ஐயரு பேரு வாசிக்காரு. "முதலாம் வார்த்தை, கோயில்பிள்ளை அண்ணாச்சி"ங்காரு. நான் ஏதோ தப்பா வாசிச்சிட்டாருன்னு நெனச்சு, திருத்திச் சொல்ல எழுந்திரிச்சேன். அதுக்குள்ள அடுத்ததை வாசிச்சிட்டாரு. "இரண்டாம் வார்த்தை, சகோதரன் லிவிங்ஸ்டன்."

எனக்குக் காது ரெண்டும் அடைச்சுக்கிட்டு. எழுந்தவன் உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. எல்லாரும் திரும்பிப் பாக்காவ. நான் ஃபேன் சுவிட்சைப் போடப் போன மாதிரி சுவரு பக்கமாப் போயிட்டேன்.

சாயங்காலமே ஐயரு வீட்டுக்குப் போனேன். மரியாதையாத்தான் கேட்டேன். "ஐயரே, என்ன இது?"

"அண்ணாச்சி, நீங்க எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் பேசுவிய. அவனுக்கு அந்த ஒண்ணுதான் தெரியும். அந்தக் கள்ளன் எடத்துல நின்னவன் வாயால அதை ஒரு தடவை கேப்போமே."

"அப்படின்னா தாகமா இருக்குங்கிற வார்த்தையை யாருக்குக் கொடுக்கப் போறிய, ஊருல குடிகாரன் எவனுக்காவது கொடுக்கியளா?"

சிரிக்காரு. எனக்கு ரத்தம் கொதிக்கு, அவரு சிரிக்காரு. "இரக்கத்தைப் பத்திப் பதினெட்டு வருஷம் நீங்கதானே அண்ணாச்சி பேசுனிய? நீங்க பேசுனதைத்தான் நான் செய்தேன்"ங்காரு.

"பிரசங்கத்துல சொல்லுறது வேற, கோயிலை நடத்துறது வேற ஐயரே. ஆண்டவரு இரக்கமுள்ளவருன்னு இருக்குல்லா, அவரு நியாயாதிபதின்னும் இருக்குல்லா? தொங்குனது ரெண்டு கள்ளன். ஒருத்தனைப் பத்தியே பேசுதோமே, இன்னொருத்தனுக்கு என்ன ஆச்சு? நியாயத்தீர்ப்பு ஆச்சு. கோயில் மைக்கைத் தூக்குனவன் அந்தப் பக்கத்துக் கள்ளன்."

"எந்தப் பக்கத்துக் கள்ளன்னு நாம எப்படி அண்ணாச்சி சொல்ல?"

"நான் சொல்லுதேன்"னேன்.

ஐயரம்மா காப்பி கொண்டுவந்தாவ. நான் தொடல, எழுந்து வந்துட்டேன். அதுக்குப் பொறவு லெந்து நாளு பூரா எனக்குச் சோறு எறங்கல. பியூலா நான் உபவாசம் இருக்கேன்னு நெனச்சா.

மொத வார்த்தை என்னன்னு சொல்லலைல்லா? பிதாவே, இவங்களை மன்னிச்சிரும், என்ன செய்யோம்னு தெரியாமச் செய்தாவன்னு தன்னைக் கொன்னவங்களுக்காகச் சாமி கேட்டது. அதுல பேச என்ன இருக்கு? மன்னிக்கணும், மன்னிச்சிரணும், அவ்வளவுதானே? ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். அதைக் கொண்டு எந்தலைல கட்டிட்டாரு.

பெரிய வெள்ளிக்கெழமை வந்துது. பன்னிரண்டு அடிச்சுது. நான் பிரசங்க பீடத்துல ஏறினேன். நான் சொன்ன மாதிரியே பாதி பெஞ்சு காலி. லிவிங்ஸ்டன் மூணாவது வரிசைல, துவைச்சுத் தேய்ச்ச சட்டை போட்டுட்டு அம்மை பக்கத்துல உக்காந்திருக்கான். வேதப்புஸ்தகத்தைத் தொறக்கான், மூடுதான், எனக்கு மேல இருந்து தெரியுது. தவிக்கட்டும்னு நெனச்சேன். மன்னிப்பைப் பத்தி ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரத்துல கூட்டம் நெறைஞ்சிட்டு. நெறைஞ்ச கோயிலைப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிட்டு தம்பி. வாய் தன்னால, "இப்படி மன்னிச்ச ஆண்டவருக்குப் பக்கத்துல ஒரு கள்ளன் தொங்கினான்"னு எடுத்திட்டு. எடுத்தது எடுத்ததுதான், நிறுத்த முடியல. கள்ளன் கண்டான்னு போனேன். கள்ளன் கேட்டான்னு ஏத்துனேன்.

ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம்தான் கணக்கு. நேரம் தாண்டிப்போச்சுன்னா கோயில் குட்டியாரு, மணி அடிக்கிறவரு, ஒரு டம்ளர் தண்ணியைக் கொண்டு பீடத்துல வைப்பாரு. அது எங்க கோயில் வழக்கம். தண்ணி வந்துட்டா முடிக்கணும்னு அர்த்தம். எத்தனையோ பேருக்கு அந்தத் தண்ணியைக் கொண்டு வைக்கச் சொல்லி நானே கண்ணைக் காட்டியிருக்கேன். எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. அன்னைக்கு வந்துது. வைச்சாரு. எல்லாரும் பாக்காவ. நான் அந்தத் தண்ணியை எடுத்து மடக்கு மடக்குன்னு குடிச்சேன், உபவாசத்துல. குடிச்சிட்டு, மூணாவது தலைப்பு, கள்ளன் பெற்றான்னு போயிட்டேன்.

ஏன் பேசினேன்னு கேக்காதிய. அது என்னோடது. என்னோடதை நான் எடுத்தேன், வேற யாரு வீட்டுப் பொருளையும் எடுக்கல.

முடிச்சிட்டு எறங்கிப் பாத்தா, ஒருத்தி கண்ணுலயும் தண்ணி இல்ல. பதினெட்டு வருஷமா அழுத கண்ணுங்க, அன்னைக்கு எல்லாம் தரையைப் பாத்துட்டு இருக்கு. சரி, மொத வார்த்தைக்கு வந்த கூட்டம்லா, இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

பாட்டு பாடினாவ. அவன் எழுந்திரிச்சான். பீடத்துல ஏறல, கீழ படிகிட்டயே நின்னான். யாரோ மைக்கைக் கையில கொடுக்கப் போனாவ, வேண்டாம்னு தலையை ஆட்டினான். பேசுதான். அவன் பேசுனதை அப்படியே சொல்லுதேன், மறக்க மாட்டேங்குது, சவம்.

"நான் சொல்ல இருந்ததை எல்லாம் அண்ணாச்சி சொல்லிட்டாவ. எனக்குப் பேசத் தெரியாது. அந்த வருஷம் மைக்கைத் தூக்கிட்டு நான் தூரமாப் போகல. ஒரு மோட்டார் ரூம்ல ஒளிச்சு வச்சிட்டு, மறுநாள் எங்கம்மை கோயிலுக்கு வந்திருக்காளான்னு பாக்க வந்தேன். கோயிலை ஒட்டுன கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னேன், எட்டிப் பாக்கப் பயம். அண்ணாச்சி சத்தம்தான் கேட்டுது. மைக் இல்லைன்னு கத்துனாவ, அதனால எனக்குக் கேட்டுது. அந்தக் கள்ளனுக்குத் திருப்பிக் கொடுக்கக் கையில்ல, ரெண்டு கையிலயும் ஆணி அடிச்சிருக்கு, கேக்க வாய் மட்டும்தான் மிச்சம் இருந்துது, அதுவே போதுமா இருந்துதுன்னாவ. கேட்டுட்டு நான் ஒண்ணும் திருந்தல. அன்னைக்கே கொண்டுபோய் வித்துட்டேன். ஜெயில்ல வச்சுத்தான் அது மறுபடியும் காதுல விழுந்துது. என் கையிலயும் ஒண்ணும் இல்ல. வாய் இருந்துது, கேட்டேன். வேற ஒண்ணும் தெரியாது."

அவ்வளவுதான். உக்காந்துட்டான். தலைப்பு கிடையாது, முடிவுரை கிடையாது, ஒரு ஆமென்கூடச் சொல்லல.

பொறவு அன்னபாக்கியம் ஒரு விசும்பு விசும்பினா பாருங்க, அப்படியே எல்லாப் பெஞ்சும் அழுது. ஆம்பளையாளு எல்லாம் மூக்கைச் சிந்துதாவ. நான் திரும்பி பொம்பளையாளு பக்கம் பாக்கேன், பியூலா அழுதுட்டிருக்கா. எனக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து என் பிரசங்கத்தைக் கேக்கா. ஒரு தடவைகூட அவ அழுது நான் பாத்ததில்ல.

அவன் பேசுனதுல எது நல்லா இருந்துது, நீங்களே சொல்லுங்க. அந்த ஆணி அடிச்ச கைதானே? அது என் வாக்கியம் தம்பி! அண்டா கழுவிட்டிருக்கையில எனக்கு வந்த வாக்கியம். எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது. அதை எடுத்து வச்சுக்கிட்டு ஊரை அழ வச்சிட்டானே! மைக்கை எடுத்தான், தொண்டையை எடுத்தான், எடத்தை எடுத்தான், வாயில இருந்த வாக்கியத்தையும் எடுத்திட்டான். இதை யாருகிட்ட நான் கேஸு கொடுக்க?

அவன் சுருக்கா முடிச்சதுனால ஆராதனை சரியா மூணு மணிக்கு முடிஞ்சிட்டு. வாசல்ல வச்சு ஐயரு எங்கிட்ட, "நீங்க எடுத்த நேரத்தை எல்லாம் அவன் திருப்பிக் கொடுத்திட்டான் அண்ணாச்சி"ங்காரு. நான் கஞ்சி குடிக்காம வீட்டுக்கு வந்துட்டேன்.

ஈஸ்டர் அன்னைக்கு போனேன். போகாம இருப்பேனா? திருவிருந்துக்கு எல்லாரும் முன்னால போயி வரிசையா முழங்கால்ல நிக்கணும். ஒரே பாத்திரம்தான், ஐயரு ஒவ்வொருத்தரு வாயிலயா வச்சுட்டு வருவாரு. நான் போறேன், ஒரே ஒரு எடம்தான் காலியா இருக்கு. பக்கத்துல யாருன்னு பாத்தா அவன். அவன் குடிச்சதும் அந்த ஈர விளிம்பு எனக்கு வரும். அவன் நவுந்து எனக்கு நல்லா எடம் விட்டான் தம்பி, அதுதான் என்னால தாங்க முடியல. அப்படியே திரும்பி நடந்து என் பெஞ்சுக்கு வந்துட்டேன். ஊரே பாத்துது. நாங்க அவனை நீக்கி வச்சிருந்தப்போ அவன் எங்க உக்காந்தான்னு நெனைக்கிய? என் பெஞ்சுக்குப் பக்கத்துப் பெஞ்சுதான்.

அடுத்த வாரத்துல இருந்துதான் இந்த பஸ்ஸு. ஒரு வாரம் ஒரு ஊரு. எங்கயும் கடைசில உக்காருதேன். எல்லா ஊருலயும் திருவிருந்து கொடுக்காவ, "வாங்க"ன்னு கூப்பிடுதாவ. எனக்கு எழுந்து போகத் தோணல. அந்நிய ஊருல என்னமோ மாதிரி இருக்கு.

போன வாரம் ஐயரு வீட்டுக்கு வந்தாரு. "அண்ணாச்சி, அடுத்த வருஷம் ரெண்டாம் வார்த்தை உங்களுக்குத்தான். லிவிங்ஸ்டனே வந்து கேட்டான், அண்ணாச்சிக்கே கொடுத்திருங்க, எனக்கு ஒரு தடவை போதும்னான்"ங்காரு.

அவன் யாரு தம்பி எனக்குக் கொடுக்க? என்னோடதை எனக்குப் பிச்சை போடுதானா? கேட்டு வாங்குறவனா நான்? ஒரு பாவமும் செய்யாதவன் எதுக்குக் கேக்கணும்? வேண்டாம்னுட்டேன். பியூலா உள்ள இருந்து ஒரு பெருமூச்சு விட்டா, அது வாசல் வரைக்கும் கேட்டுது.

இன்னைக்குக் காலைல அவ வெள்ளைச் சேலை கட்டிக் கோயிலுக்குக் கெளம்பி நிக்கா. நான் பஸ்ஸுக்குக் கெளம்பி நிக்கேன். குடையை எடுத்து எங்கையில தந்தா. தந்துட்டு, "ஏங்க, ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது"ன்னா.

"கேளு."

"நாளைக்கு நாம செத்தா பரதீசுக்குத்தானே போவோம்? அங்க லிவிங்ஸ்டனும் இருப்பான்லா? அங்க இருந்து எந்த ஊருக்கு பஸ் ஏறுவிய?"

இது ஒரு பொம்பள புருசங்கிட்டக் கேக்குற கேள்வியா? எனக்கு வந்த கோவத்துல செருப்பை மாட்டிட்டு வந்துட்டேன். ஏறி உக்காந்ததுல இருந்து அதேதான் ஓடுது. அதான் உங்ககிட்ட இவ்வளவு பேசிட்டேன், தப்பா நெனைக்காதிய.

அவன் அங்க இருப்பான் தம்பி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கேட்டவனுக்கு உண்டுன்னு நான்தானே அத்தனை வருஷம் தொண்டை கிழியச் சொன்னேன்? இருந்துட்டுப் போகட்டும். ஒரு மூலைல இருந்துட்டுப் போகட்டும், நான் அந்தப் பக்கம் திரும்பாம இருந்துக்கிடுவேன். ஆனா எனக்கு முன்னாலயே அவன் போய்ச் சேந்திட்டான்னு வைங்க. நான் போயி நிக்கேன். உள்ள போகலாமா கூடாதான்னு தெரியாம வாசல்ல நிக்கேன். அப்ப உள்ள இருந்து ஒரு ஆளு ஓடி வந்து, "வாங்க அண்ணாச்சி, உங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன்"னு எங்கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போக வாரது அவனா இருந்துட்டா?

அதை நான் எப்படித் தம்பி தாங்குவேன்?